கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் ஊரில் ஒரு வாரம்

திங்கள்

பாளையங்கோட்டையில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. திசையன்விளை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் பாப்பாத்தியம்மாள் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். தஞ்சாவூரிலிருந்து வந்த கிளாரிந்தா என்ற பிராமண விதவை முன்னின்று கட்டிய சிறிய கிறிஸ்தவ ஆலயம் இது. 1785இல் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார் (போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்கிறார்கள்). அதற்கு 5 ஆண்டு முன்பு, 1780இல், இந்தச் சபையின் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டன்ட் சபைகளெல்லாம் அந்த 40 பேரிலிருந்து தொடங்கியவை என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் அம்மா பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்பேன். போன மாதம் போனில் சொன்னார்: "பண்டிகைக்கு வந்தா கூட்டத்தைத்தான் பாப்ப. ஒண்ணும் இல்லாத வாரமா பாத்து வந்து இரு. அப்பத்தான் சபைன்னா என்னன்னு தெரியும்." தோழி பெங்களூரில் வேலையை விட்டு வர முடியாது. பரவாயில்லை, நான் மட்டும் வந்துவிட்டேன். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அத்தை (தோழியின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) கேட்டுக்கொண்டதால் போடவில்லை. திசையன்விளையிலிருந்து இன்னொரு பஸ், அதற்கப்புறம் கொஞ்சம் நடை. இரண்டு பக்கமும் செம்மண் தேரி, பனை, உடை முள். அவ்வளவு அடையாளம் போதும்.

வீட்டு நிலைப்படியில் காய்ந்துபோன ஓலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது. போன வருடக் குருத்தோலை ஞாயிற்றில் கொடுத்தது. "வாம்மா, வா" என்று கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அத்தை கேட்ட முதல் கேள்வி, "சாயங்காலம் கோயிலுக்கு வாரியா?" என்பது. இங்கே சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, கோயில்தான்.

மாலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் போனோம். மொத்தம் எட்டுப் பேர், என்னையும் சேர்த்து. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். நானும் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். உபதேசியார், அதாவது ஐயருக்குத் துணையாகச் சபை வேலை பார்ப்பவர், வேதத்தில் ஒரு பகுதியை வாசித்தார், ஒரு கீர்த்தனை பாடினார்கள், அப்புறம் ஜெபம். ஜெபத்தில் ஊரின் ஒவ்வொரு வீடும் வந்தது. மும்பையில் கடை வைத்திருப்பவர், மஸ்கட்டில் டிரைவராக இருப்பவர், சென்னையில் பரீட்சை எழுதும் பிள்ளை. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடப்பதைப் பகலில் பார்த்திருந்தேன். அந்தப் பூட்டிய வீடுகளையும் விடாமல் வரிசையாகச் சொன்னார். கடைசியில், "நம்ம ஊருக்கு வந்திருக்கிற மகளையும்" என்றார். வந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, பட்டியலில் சேர்ந்துவிட்டேன்.

செவ்வாய்

பெண்கள் ஐக்கிய சங்கம் இன்று மாலை மூன்று மணிக்கு. ஆனால் அதற்கு முன்னால், காலையில் அடுப்படியில் பார்த்ததை எழுத வேண்டும்.

அத்தை உலைக்கு அரிசி அளந்தார். இரண்டு ஆழாக்கு. அளந்த பிறகு, களையும் முன்னால், அந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, பக்கத்திலிருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். கண்ணை மூடவில்லை, எதுவும் முணுமுணுக்கவில்லை. உப்புப் போடுவதுபோல இயல்பாகச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். என்னவென்று கேட்டேன். "கைப்பிடி அரிசி. கோயிலுக்கு. எங்கம்மா வச்சா, அவ அம்மா வச்சா." சமைக்கிற ஒவ்வொரு நேரமும் ஒரு பிடி. தனியாக அல்ல, அளந்த அரிசியிலிருந்தே எடுக்க வேண்டும் என்றார். அப்போதுதான் நம் சாப்பாட்டிலிருந்து ஒரு பிடி குறையுமாம்.

மூன்று மணிக்கு ஆலயத் திண்ணையில் பதினைந்து, இருபது பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பாட்டில், தூக்குவாளி, துணிப்பை. நடுவில் விரித்த பெட்ஷீட்டில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். குனிந்து பார்த்தேன். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, சிவப்பாக நீண்ட கேரளத்து மட்டை அரிசி, எவர் வீட்டிலோ பிரியாணி செய்தார்கள் போல, கொஞ்சம் சீரக சம்பா. எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. யார் வீட்டு அரிசி எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. "இத சோறா வடிச்சா ஒண்ணு வேகும், ஒண்ணு குழையும்" என்றார் ஒரு பாட்டி. "மாவாட்டத்தான் லாயக்கு." படியால் அளந்து, அங்கேயே விலை போட்டு, வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அரிசி குறைவாக இருந்த ஒரு வீட்டு அக்காவுக்கு இரண்டு படி கூடுதலாகப் போனது. அதற்குக் காசு வாங்கியதை நான் பார்க்கவில்லை. கணக்கு எழுதிய பெண்ணும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்படிச் சேர்ந்த காசில் என்ன செய்ய முடியும் என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். இதே செம்மண் சீமையில், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவரும் இன்னும் சிலரும் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்காமல், இங்குள்ள சபையார் கொடுத்த சின்னக் காணிக்கைகளை வைத்தே தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1912இல் அசரியாவே தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் முறை. பனையேறிகள் வீட்டு அடுப்படியிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

கூட்டத்தில் வேதபாடம் அரை மணி, ஜெபம் கால் மணி. மீதி நேரமெல்லாம் பேச்சு. யார் வீட்டில் ஆடு குட்டி போட்டது, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் மகள் மாசமாக இருக்கிறாள். ஐயரின் மனைவியான ஐயரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஒரு சின்ன நோட்டில் குறித்தார். வம்பு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்த நோட்டில் எழுதியதெல்லாம் இந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாக நடந்ததை நான் பார்த்தேன்.

புதன்

இன்று தெரு ஜெபம். ஒவ்வொரு புதனும் ஒவ்வொரு வீடு. இந்த வாரம் கடைசித் தெருவில் தனியாக இருக்கும் ஒரு தாத்தா வீட்டில். நாற்காலி அவரிடம் இரண்டுதான். ஆனால் ஆறு மணிக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். பல்பு மாற்றியதும் ஒரு பையன்தான்.

பாட்டுக்கு அப்புறம் வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்ல வேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புப் பாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, காதோடு காதாகத் தன் வசனத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். அவள் முறை வந்தபோது அதையே சத்தமாக இன்னொரு முறை சொன்னாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுக்குக் காப்பி, முறுக்கு. தாத்தா வாசல் வரை வந்து எல்லோரையும் அனுப்பினார்.

வியாழன்

வியாழனில் ஆலயத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அதனால் அத்தை என்னை இடையன்குடிக்கு அழைத்துப் போனார்.

மெரினாவில் நிற்கும் சிலையாகத்தான் பலருக்குக் கால்டுவெல்லைத் தெரியும். திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதியவர் என்பதும் தெரியும். அவர் வாழ்ந்தது இந்த ஊரில். 1838இல் சென்னைக்கு வந்தவர், அங்கிருந்து பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்து, 1841இல் இடையன்குடியில் தங்கினார். 1891இல் கொடைக்கானலில் இறக்கும்வரை இதுதான் அவருக்கு ஊர். உடலையும் இங்கேயே கொண்டுவந்து, அவர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் பீடத்துக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டு ஆனதாம். 1880இல்தான் பிரதிஷ்டை. ஒரு தலைமுறை முழுக்க மண்ணும் கல்லும் சுமந்திருக்கிறது.

உள்ளே நல்ல குளிர்ச்சி. அத்தை பீடத்தின் முன்னால் சற்று நேரம் நின்றார். நான் வெளியே வந்து தெருக்களைப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகின்றன. அவர் போட்ட தெருக்கள். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது.

எனக்கு மனதில் நின்றது ஆலயமோ வீடோ அல்ல, லேஸ். கால்டுவெல்லின் மனைவி எலைசா நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள். அங்கே அவர் அம்மா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1844இல் கல்யாணமாகி இங்கே வந்த மகள், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் வேலையும் தொடங்கினார். படிப்பும், கையில் சொந்தக் காசும் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்றாக வந்தன.

அத்தைக்குத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். வயது எண்பதுக்கு மேல். இரும்புப் பெட்டியைத் திறந்து, பழைய காடாத் துணியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை லேஸ். இலையும் கொடியுமாக ஓடுகிற பின்னல், ஓரத்தில் சின்னச் சின்ன வளைவு. ஒரு வளைவு கொஞ்சம் பெரிதாகப் போயிருந்தது. பாட்டி அதில் விரலை வைத்து, "இது எங்கம்மா என்னைப் பெத்த அன்னைக்குப் பின்னுனது. வலி வந்துட்டு, எழுந்துட்டா. மறுபடி உக்காந்து பின்னும்போது கை தவறிட்டு" என்றார். விற்கவில்லையா என்றேன். "தப்புப் பின்னல யாரு வாங்குவா? அதனாலதான் எனக்குக் கெடச்சுது."

திரும்பும்போது முதலூரில் இறங்கினோம். 1799இல் இந்தச் சீமையின் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிய முதல் ஊர். அதனால்தான் அந்தப் பெயர். ஊர்களில் இருக்க முடியாமல் விரட்டப்பட்டவர்கள் ஒண்டிக்கொள்ள இடம் வேண்டும் என்று, தாவீது சுந்தரானந்தம் முயற்சியில் நிலம் வாங்கி உண்டாக்கியது. இப்போது பஸ்ஸில் முதலூர் என்றால் எல்லோரும் மஸ்கோத்து அல்வாவைத்தான் நினைக்கிறார்கள். தேங்காய்ப் பாலில் செய்தது. நெய் அல்வாவைப்போல வழுக்காது, கடித்தால் லேசாக இழுக்கும். அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி

உபவாச ஜெபம். காலை பத்திலிருந்து மதியம் வரை, தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. முடிந்ததும் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். துவையல் அரைத்த அக்காவும் உபவாசம்தான். உப்புப் பார்க்காமலே அரைத்தாராம், சரியாகத்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல் ஐயரும் சபையார் நாலைந்து பேரும் ஒரு வீட்டுக்குக் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். முன்பு பனையேறியாக இருந்த பெரியவர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வந்து பத்து நாள். மகன்கள் வெளியூர். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் ஒரு பெயர். இரவு யார் துணைக்குப் படுப்பது என்ற முறை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலிருந்தே தொடங்கி, அடுத்த மாதப் பாதி வரை எழுதியிருந்தார்கள். இன்றைய கட்டத்தில் உபதேசியார் பெயர். நாளைக்கு, டிப்ளமா படிக்கும் ஒரு பையன்.

பெரியவர் என்னிடம், "எங்கேருந்து வாரிய?" என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றேன். "அங்கெல்லாம் தென்னைதான். பனை உண்டா?" குறைவு என்றேன். அதற்கு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

திரும்பி நடக்கும்போது ஐயரிடம் மனதில் இருந்ததைக் கேட்டேன். ஊரில் பெரும்பாலும் ஒரே சமுதாயம். என்னைப்போல வெளியிலிருந்து ஒரு வாரம் வருகிறவர்களை உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள், சரி. வேறு சாதிக்காரர் இந்தச் சபைக்கே வந்து சேர்ந்தால்? ஐயர் மழுப்பவில்லை. "ஆராதனையில கஷ்டம் இல்லம்மா. ஒரே பாத்திரத்துலதான் எல்லாரும் குடிக்கிறோம். கல்யாணப் பேச்சு வரும்போதுதான் பாடு. இருபத்திமூணு வருஷமா ஊழியத்துல இருக்கேன், இதைப் பத்தி இன்னும் பிரசங்கம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்." பக்கத்தில் வந்த சபையார் இரண்டு பேரும் இதைக் கேட்டுக்கொண்டுதான் நடந்தார்கள். இவ்வளவு அன்பான மனிதர்களால் இதையும் கடந்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துதான் அப்படித் தோன்ற வைக்கிறது.

சனி

காலையில் கோயில் பெருக்கும் முறை அத்தையின் தெருவுக்கு. ஏழெட்டுப் பெண்கள், இரண்டு வாளி, ஈர்க்குமாறு. காற்றில் தேரி மண் பறந்துவந்து தினமும் உள்ளே படிகிறது. பெருக்கிக் கூட்டினால் செக்கச்செவேல் என்று ஒரு முறம் மண். எனக்குக் கிடைத்த வேலை பித்தளைக் குத்துவிளக்கு. ஆமாம், குத்துவிளக்குத்தான், உச்சியில் மயிலுக்குப் பதில் சிலுவை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். என் வீட்டுப் பூஜை அறை விளக்கையும் இப்படித்தான் தேய்ப்பேன் என்று சொன்னபோது, "பொறவென்ன, தெரிஞ்ச கைதான்" என்று இன்னொரு விளக்கையும் கொடுத்துவிட்டார்கள்.

மாலை பாடகர் குழுப் பயிற்சி. நாளைக்குப் பாமாலையில் இரண்டு, கீர்த்தனையில் இரண்டு. பாமாலை என்பவை வெள்ளைக்காரர் மெட்டில் அமைந்த பாட்டுகள். கீர்த்தனை நம் ராகத்தில், பல்லவி அனுபல்லவியோடு. கீபோர்டு தம்பி வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யாரும் நிறுத்தவில்லை. பீரோவிலிருந்து பழைய ஆர்மோனியத்தை எடுத்து, தூசி தட்டி, ஒரு சித்தப்பா வாசித்தார். கீர்த்தனை கீபோர்டில் கேட்டதைவிட ஆர்மோனியத்தில் இன்னும் நெருக்கமாக இருந்தது. இருட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது. மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு ஒரு சட்டி வந்தது. நார் உரித்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துவிட்டு, ஒடித்து ஒடித்துத் தின்றோம்.

ஞாயிறு

முதல் மணி, இரண்டாம் மணி. எல்லோரும் நல்ல சேலையில், மல்லிகைப் பூவோடு. வாரம் முழுக்கப் பார்த்த முகங்கள் என்பதால் எனக்கு எல்லோரையும் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. பெரியவரையும் சக்கர நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள்.

இன்று திருவிருந்து ஆராதனை. பல மிஷன் சபைகள் ஒன்றாகி 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. தங்களுக்கென்று வழிபாட்டு முறை ஒன்றை 1950இல் அமைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதியைப் பற்றி அத்தை முன்பே சொல்லியிருந்தாலும், நேரில் பார்த்தபோது தொண்டை அடைத்தது. சமாதானம் கொடுப்பது. ஐயர் பீடத்தில் நிற்பவரின் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துச் சமாதானம் சொல்கிறார். அவர் இறங்கி வந்து முதல் வரிசைக்காரருக்குக் கொடுக்கிறார். அவர் அடுத்தவருக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறி, பாயில் இருக்கும் பெண்களிடம், பின்னால் இருக்கும் பிள்ளைகளிடம். ஒரே சமாதானம் வரிசை வரிசையாக நகர்ந்து வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னிடம் கொண்டுவந்தது கைப்பிடி அரிசியைப் பற்றிச் சொன்ன பாட்டி. சொரசொரப்பான, சூடான கைகள். நான் யாரிடம் கொடுக்க என்று திரும்பினால், புதன்கிழமைப் பாப்பா ஏற்கெனவே கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போனபோது நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். நான் ஞானஸ்நானம் பெற்றவள் இல்லை. அதை ஐயரம்மா முந்தின நாளே மெதுவாகச் சொல்லி, வேண்டுமானால் கை கூப்பி முன்னால் வந்தால் ஐயர் ஆசீர்வதிப்பார் என்றும் சொல்லியிருந்தார். நான் இருந்துகொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் இழுக்கவும் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஏலம். முதல் பலனாகக் கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டு, நாட்டுக்கோழி முட்டை, ஒரு சேவல், எலுமிச்சம்பழம். பத்து ரூபாய் எலுமிச்சம்பழம் நூற்றுப்பத்துக்குப் போனது. முருங்கைக்காயை நான் எழுபதுக்குக் கேட்டேன். ஒருவர் எண்பது என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் வாயை மூடிக்கொண்டார். காய் எனக்கு.

திங்கள் காலை

ஐந்தரை மணி பஸ். நாலு மணிக்கே அத்தை அடுப்படியில். எனக்குக் கட்டிக்கொடுக்கப் புளியோதரை. முருங்கைக்காயைப் பேப்பரில் சுற்றி, மஸ்கோத்து அல்வாவோடு பையில் வைத்தாகிவிட்டது.

அரிசியை அளந்துவிட்டு, கைப்பிடி எடுக்காமல் நின்றார். "இன்னைக்கு நீ எடு. ஒனக்காகத்தானே ஒலை வைக்கேன்."

எடுத்தேன். எவ்வளவு எடுப்பது என்று தெரியாமல் கை நிறைய அள்ளிவிட்டேன் போல, பாட்டிலின் வாய் சின்னது, பாதி தரையில் சிந்தியது. அத்தை ஒன்றும் சொல்லாமல் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தார். இரண்டு பேரும் குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டோம்.